புனிதரோடு பத்திரம் எழுதிக்கொண்ட ஊர்

"இத்தாலியில் ஊருக்கு ஊர் ஒரு பாதுகாவலர் புனிதர் இருக்கிறார், அவர் நாளுக்கு விடுமுறைகூட விடுகிறார்கள். நேப்பிள்ஸில் ஒரு புனிதரின் உறைந்த ரத்தம் ஆண்டுக்கு மூன்று முறை உருகுமாமே, உண்மையா? எலும்பையும் ரத்தத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டாட அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் தொடங்கினால் மற்ற இரண்டுக்கும் வழி தானாகக் கிடைத்துவிடும்.

புனிதரின் பெயர் ஜென்னாரோ. தமிழ்க் கத்தோலிக்கப் புத்தகங்களில் ஜனுவாரியுஸ் என்று இருக்கும். பெனவென்டோ நகரின் ஆயர், அதாவது பிஷப். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்தில், 305ஆம் ஆண்டு, நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள போட்சுவோலியில் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. சிந்திய ரத்தத்தை எவுசேபியா என்ற செவிலித்தாய் இரண்டு குப்பிகளில் பிடித்து வைத்தாள் என்று கதை சொல்கிறது. கதை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் ரத்தம் உருகியதாக முதல் எழுத்துச் சான்று கிடைப்பது 1389ஆம் ஆண்டில்தான். நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மௌனம்.

அந்த மூன்று நாட்கள் எவை என்றால்: மே மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை, புனிதரின் திருநாளான செப்டம்பர் 19, அப்புறம் டிசம்பர் 16. செப்டம்பர்தான் பெரிய நாள். பேராலயத்துக்குள் ஒரு சிற்றாலயம் உண்டு. அதன் பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு பெட்டகம். அதைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று பேராயர் தரப்பிடம், மற்றது நகரத்தின் தரப்பிடம். இந்த இரண்டு சாவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். உள்ளிருந்து எடுப்பது, பழைய கார் முகப்பு விளக்கு போன்ற வட்டக் கண்ணாடிப் பேழை. அதற்குள் இரண்டு குப்பிகள். சிறியதில் கறை மட்டும்தான். பெரியதில் பாதிக்கு மேல் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி. பேராயர் பேழையைச் சாய்ப்பார், கவிழ்ப்பார், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்ப்பார். கட்டி இளகி வழிந்தால் பக்கத்தில் நிற்பவர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவார். பேராலயம் கைதட்டலில் அதிரும். கோட்டையிலிருந்து 21 குண்டு முழங்கும். சில ஆண்டுகளில் பெட்டகத்தைத் திறக்கும்போதே உருகியிருக்கும். சில ஆண்டுகளில் மணிக்கணக்கில் காக்க வேண்டும்.

காக்கும் நேரத்தில்தான் வேடிக்கை. முன்வரிசையில் வயதான பெண்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். "ஜென்னாரோவின் உறவுக்காரிகள்" என்று அவர்களுக்குப் பெயர். எவுசேபியாவின் வழிவந்தவர்கள் என்று பாத்தியதை. பழைய நேப்பிள்ஸ் பேச்சு மொழியில் வேண்டுதல்களைப் பாடிக்கொண்டே இருப்பார்கள். நேரம் ஆக ஆகக் கெஞ்சல் அதட்டலாக மாறும். "மஞ்சமூஞ்சி, இன்னும் என்ன தாமதம்?" என்று புனிதரையே ஏசுவது அங்கே வழக்கம். மஞ்சமூஞ்சி என்பது திட்டும்தான், வர்ணனையும்தான். புனிதரின் மண்டையோட்டு எலும்புகளை வைத்திருக்கும் மார்பளவுச் சிலை பொன் பூசியது. ஆன்ஷூ என்ற பிரெஞ்சு வம்சத்து அரசர் இரண்டாம் சார்லஸ் 1305ல் செய்வித்தது. அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்துத்தான் கிழவிகள் கத்துகிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது அவமரியாதையாகத் தெரியும். ஆனால் அந்த ஊர்க் கணக்கில் அவர் ஒப்பந்தக்காரர். வேலை நடக்கவில்லை என்றால் கேட்கும் உரிமை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் என்று உருவகமாகச் சொல்லவில்லை. 1527 ஜனவரி 13ஆம் தேதி, கொள்ளைநோயும் போரும் ஊரை நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நகரத்தின் பிரதிநிதிகள் பேராலயத்தில் கூடி, நோட்டரியை வைத்து முறையாக ஒரு பத்திரம் எழுதினார்கள். ஒரு தரப்பு நேப்பிள்ஸ் நகரம். மறு தரப்பு, இறந்து 1,200 ஆண்டுக்கு மேலாகிவிட்ட ஜென்னாரோ. அவர் நோயிலிருந்தும் போரிலிருந்தும் எரிமலையிலிருந்தும் காக்க வேண்டும். நகரம் அவருக்கு 10,000 டுகாட் (அந்தக் கால நாணயம்) செலவில் புதுச் சிற்றாலயம் கட்டித் தர வேண்டும். நகரம் தன் பங்கை நிறைவேற்ற அவசரப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கல் நாட்டியது 1608ல். 81 ஆண்டு தாமதம். கட்டி முடிக்க 1646 ஆகிவிட்டது. தாமதமானாலும் குறை வைக்கவில்லை. தொமெனிகீனோ, லான்ஃபிராங்கோ, ரிபேரா என்று அந்தக் காலத்தின் பெரிய ஓவியர்களையெல்லாம் வரவழைத்தார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்தச் சிற்றாலயம் மறைமாவட்டத்துக்குச் சொந்தமில்லை, நகரத்துக்குச் சொந்தம். 1601ல் அமைத்த பொதுநிலையினர் (குருக்கள் அல்லாதவர்கள்) குழு ஒன்று இன்றும் அதை நிர்வகிக்கிறது. தலைவர் யார் தெரியுமா? நேப்பிள்ஸ் மேயர். கைக்குட்டை ஆட்டுபவரும் அந்தக் குழுவின் ஆள்தான். இரண்டு சாவியின் சங்கதி இதுதான்: பேராயர் மட்டும் நினைத்தால் புனிதரின் ரத்தத்தை வெளியே எடுக்க முடியாது. 2016ல் குழுவின் சில இடங்களுக்குப் பேராயர் தரப்பு ஆட்களை முன்மொழிய வழிசெய்து ரோமிலிருந்து ஓர் அரசாணை வந்தது. உடனே மக்கள் பேராலய வாசலில் வெள்ளைக் கைக்குட்டைகளோடு கூடிவிட்டார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பிரச்சினை பக்தியைப் பற்றியது அல்லவே, உரிமையைப் பற்றியது.

நகைகளையும் சொல்ல வேண்டும். மன்னர்களும் மகாராணிகளும் தந்தவை ஏராளம். 1713ல் மத்தேயோ திரேல்யா என்ற பொற்கொல்லர் அந்த மார்பளவுச் சிலைக்குச் செய்த ஆயர் தலைப்பாகையில் 3,694 கற்கள்: 3,328 வைரம், 198 மரகதம், 168 மாணிக்கம். பிரித்தானிய மகுட நகைகளைவிட எங்கள் புதையல் உசத்தி என்று நேப்பிள்ஸ்காரர்கள் பெருமையடிப்பார்கள். மதிப்புப் போட்டும் விற்காமலும் இருக்கிற பொருளுக்கு எந்தப் பெருமையும் அடிக்கலாம்.

டிசம்பர் 16 எப்படி வந்தது என்றால், 1631ல் அதே நாளில் வெசுவியஸ் வெடித்தது. அடிவார ஊர்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நேப்பிள்ஸில் சிலையையும் குப்பிகளையும் தூக்கிக்கொண்டு பவனி போனார்கள், நெருப்புக் குழம்பு நகரத்துக்குள் வரவில்லை. 1767 வெடிப்புக்குப் பிறகு மத்தலேனா பாலத்தில் ஜென்னாரோவுக்கு ஒரு சிலை வைத்தார்கள். எரிமலைப் பக்கம் கையை நீட்டி, "அங்கேயே நில்" என்று சொல்வது போல நிற்கிறார். எரிமலைக்குக் கீழே குடியிருப்பவர்கள் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, ரத்தம் உண்மையில் உருகுகிறதா? உருகுகிறது. கட்டியாக இருப்பது திரவமாவதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. 1991ல் வேதியியலாளர் லூயிஜி கர்லாஸ்கெல்லி முதலிய மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். சில கூழ்கள் அசையாமல் வைத்தால் இறுகும், குலுக்கினால் இளகும். தக்காளி சாஸ் புட்டியைத் தட்டும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இரும்பு குளோரைடு, சுண்ணாம்புக் கல், உப்பு, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டே, அதாவது இடைக்காலத்தில் கைக்கு எட்டிய பொருட்களைக் கொண்டே, அதே நிறத்தில் அதே போல இளகும் ஒரு கூழை அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த இரும்பு உப்பு வெசுவியஸ் பக்கத்திலேயே இயற்கையாகக் கிடைக்கும். பேழையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பதே குலுக்கல்தானே என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் குப்பிகள் முத்திரையிட்டவை, திறந்து மாதிரி எடுத்ததில்லை. ஆகவே இப்படிச் செய்ய முடியும் என்று காட்டினார்களே தவிர, இப்படித்தான் செய்தார்கள் என்று நிரூபிக்கவில்லை. திருச்சபையும் சாமர்த்தியமாக ஒதுங்கி நிற்கிறது. அற்புதத்தைக் குறிக்கும் 'புதுமை' என்ற அதிகாரபூர்வச் சொல்லை அது பயன்படுத்துவதில்லை. அதைவிடச் சற்றுத் தணிந்த, வியப்பு என்ற பொருள் தரும் வேறொரு சொல்லைத்தான் பயன்படுத்துகிறது.

உருகாவிட்டால் கெட்ட சகுனம் என்பார்கள். 1980 செப்டம்பரில் உருகவில்லை, நவம்பர் 23ஆம் தேதி இர்ப்பீனியாவில் நிலநடுக்கம், கிட்டத்தட்ட 3,000 பேர் பலி. இதை நேப்பிள்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2016 டிசம்பரிலும்தான் உருகவில்லை. அதற்கடுத்து என்ன நடந்தது என்று கேட்டால் யோசிப்பார்கள். சகுனக் கணக்கில் வரவு மட்டும்தான் எழுதுவது எந்த ஊரிலும் வழக்கம்.

ஒப்பந்தக்காரரை வேலையிலிருந்து நீக்கிய கதையும் உண்டு. 1799ல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸைப் பிடித்துக் குடியரசு அமைத்தது. மன்னர் விசுவாசிகளான சாமானிய மக்கள், ஜென்னாரோ இந்த அன்னியர்களுக்கு முன்னால் உருகவே மாட்டார் என்று காத்திருந்தார்கள். அவரோ நன்றாக உருகிவிட்டார். பிரெஞ்சு அதிகாரி பேராயரை மிரட்டினான் என்று ஒரு கதை உலவியது. ஆனால் மக்களின் கோபம் புனிதர் மேல்தான் திரும்பியது: கட்சி மாறிவிட்டார். அதே ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, கர்தினால் ருஃபோவின் படை நகருக்குள் நுழைந்து குடியரசைக் கவிழ்த்தது. ஜூன் 13 யாருடைய நாள்? பதுவைப் புனித அந்தோணியாரின் திருநாள். ஆகவே ஜென்னாரோவை இறக்கிவிட்டு அந்தோணியாரைப் பாதுகாவலராக ஏற்றினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பழையவரே திரும்ப வந்தார்.

1969ல் வத்திக்கான் புனிதர் நாட்காட்டியைத் திருத்தியபோது ஜென்னாரோவின் திருநாள் உலக அளவில் விருப்ப நினைவாக, அதாவது விரும்பினால் கொண்டாடலாம் என்ற நாளாக, குறைந்தது. அப்போது நேப்பிள்ஸ் சுவர்களில் எழுதியதாகச் சொல்லும் வாசகம் ஊர்ப் பேச்சில் ரொம்பப் பிரபலம்: "ஜென்னா, கண்டுக்காதே!" அசலில் இன்னும் பச்சையாக இருக்கும். 2015 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வந்தபோது ரத்தம் பாதி மட்டும் உருகியது. புனிதர் நம்மைப் பாதி அளவுதான் நேசிக்கிறார் போலிருக்கிறது, நாம் இன்னும் மனம் மாற வேண்டும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி எலும்புக்கு வருவோம். கத்தோலிக்க வழக்கில் இவற்றை அருளிக்கங்கள் என்பார்கள், திருப்பண்டங்கள் என்பதும் உண்டு. 787ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுச் சபை), அருளிக்கம் இல்லாமல் எந்தக் கோயிலையும் அர்ச்சிக்கக் கூடாது என்று விதித்தது. ஐரோப்பா முழுக்கக் கோயில் எழுந்துகொண்டிருந்த காலம். மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின், எலும்புக்குத் தட்டுப்பாடு. எடுப்பது, வாங்குவது, திருடுவது எல்லாம் நடந்தது. திருட்டுக்கு அழகான ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள்: புனிதர் விரும்பாவிட்டால் அவரை யாராலும் அசைக்க முடியாது, ஆகவே பத்திரமாக வந்து சேர்ந்ததே அவர் சம்மதித்ததற்கு அத்தாட்சி. கொண்டு வந்த நாளுக்கே தனித் திருவிழாவும் எடுத்தார்கள்.

வெனிஸ் இதில் கெட்டிக்காரி. 828ல் இரண்டு வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து நற்செய்தியாளர் மாற்குவின் உடலைக் கடத்தி வந்தார்கள். சுங்க அதிகாரிகளான முஸ்லிம்கள் தொட மாட்டார்கள் என்று மேலே பன்றி இறைச்சியை அடுக்கி மறைத்தார்களாம். இதை மறைக்கவா செய்தார்கள்? புனித மாற்கு பசிலிக்காவின் சுவரிலேயே மொசைக் படமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதுவரை ஊர்க்காவலராக இருந்த தெயோதோர் ஓரமாகப் போனார். ஒரு கடல் வல்லரசுக்கு நேரடியாக நற்செய்தி எழுதியவரே பாதுகாவலராக இருப்பதன் கௌரவம் வேறு. பாரி நகரத்து மாலுமிகள் 1087ல் மீராவிலிருந்து (இன்றைய துருக்கி) புனித நிக்கொலாசின் எலும்புகளை எடுத்து வந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவாக உருமாறியவர் இவர்தான். அந்த ஊர்த் திருவிழா மே மாதம் நடக்கும். கல்லறைக்குள் ஊறும் தெளிந்த நீரை எடுத்து "மன்னா" என்று கொடுப்பார்கள். ரஷ்யாவிலிருந்து ஆர்த்தடாக்ஸ் யாத்திரிகர்கள்கூட வருவார்கள்.

தமிழர்களுக்கு நெருங்கிய இருவரும் இத்தாலியில்தான் இருக்கிறார்கள். அந்தோணியார் லிஸ்பனில் பிறந்தவர், 1231ல் பதுவைக்கு அருகே இறந்தார், ஓராண்டுக்குள் புனிதர் பட்டம். 1263ல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது என்று தனிப் பேழையில் வைத்தார்கள். பெரிய மறையுரையாளர் ஆயிற்றே. 1991ல் ஆயுதத்தோடு வந்த கொள்ளைக்காரர்கள் அவருடைய தாடை எலும்பு இருந்த பேழையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டே மாதத்தில் ரோம் பக்கம் அது மீட்கப்பட்டது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று உலகமே வேண்டிக்கொள்ளும் புனிதர் அவர். மற்றவர் தோமையார். பரங்கிமலையில் கொல்லப்பட்டு மயிலையில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பது நம் மரபு. எலும்புகள் எதேசாவுக்கு (இன்றைய துருக்கி) போய், பிறகு கியோஸ் தீவுக்குப் போய், 1258ல் அங்கிருந்து ஒர்தோனா என்ற சிறு துறைமுக நகருக்கு வந்தன. அத்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் அந்த ஊரின் பாதுகாவலர் இன்றும் அவர்தான். 1953ல் கர்தினால் திசரான் ஒர்தோனாவிலிருந்து ஒரு கை எலும்பை கேரளத்தின் கொடுங்கல்லூருக்குக் கொண்டு வந்தார். சாந்தோம் பசிலிக்காவிலும் ஒரு சிறு எலும்புத் துண்டு இருக்கிறது.

விடுமுறை விஷயம் சுருக்கமாக. ஒவ்வொரு நகராட்சிக்கும் தன் பாதுகாவலர் நாள் விடுமுறை. ரோமுக்கு ஜூன் 29, மிலானுக்கு டிசம்பர் 7 (அன்றுதான் லா ஸ்கலா இசையரங்கின் பருவமும் தொடங்கும்), ஃபுளோரன்சுக்கு ஜூன் 24. ஒரு ஊரில் கடை அடைத்திருக்கும், பக்கத்து ஊரில் திறந்திருக்கும். சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொள்வார்கள்.

திருவிழாக்களில் என்னைக் கேட்டால் முதலிடம் சிசிலியின் கத்தானியாவுக்கு. பிப்ரவரி 3 முதல் 5 வரை, புனித ஆகத்தா. வெள்ளை அங்கியும் கறுப்பு வெல்வெட் தொப்பியும் போட்ட ஆயிரக்கணக்கானோர் நீண்ட வடத்தைப் பிடித்து வெள்ளித் தேரை இழுக்கிறார்கள். "ஊராரே, ஆகத்தா வாழ்க!" என்பது முழக்கம். முன்னால் கசாப்புக்காரர், மீன்காரர், ரொட்டிக்காரர் என்று ஒவ்வொரு தொழிலாருக்கும் ஒரு பிரமாண்டமான மெழுகுவத்திக் கோபுரம், அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டியாட்டி நடப்பார்கள். வடக்கே வித்தெர்போவில் செப்டம்பர் 3 இரவு, புனித ரோசாவுக்காக 30 மீட்டர் உயரமும் 5 டன் எடையும் கொண்ட ஒளிக் கோபுரத்தைச் சுமார் நூறு பேர் தோளில் சுமந்து வருவார்கள். தெருவிளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். இதையும் நோலா, பால்மி, சாசாரி ஊர்களின் இதே மாதிரிச் சுமைப் பவனிகளையும் சேர்த்து 2013ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வசூல், விழாக் குழு, பேண்டு, வாணவேடிக்கை, யார் முன்னால் தூக்குவது என்ற சண்டை எல்லாம் உண்டு. அதைவிட மோசமானதும் உண்டு. 2014 ஜூலையில் கலாப்ரியாவின் ஒப்பிதோ மமெர்த்தீனாவில் மாதாவின் சுரூபத்தைச் சுமந்து போனவர்கள், வீட்டுச் சிறையில் இருந்த ஒரு மாஃபியாத் தலைவனின் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி வணக்கம் செலுத்தினார்கள். பாதுகாப்புக்கு வந்த காவல் அதிகாரி எதிர்ப்புத் தெரிவித்துப் பவனியை விட்டே வெளியேறினார். அந்த மறைமாவட்டத்தில் பவனிகளையே ஆயர் நிறுத்திவைத்தார். ஊரின் அதிகாரம் யார் கையில் என்பதைச் சுரூபம் நிற்கும் இடத்தை வைத்தே ஊர் தெரிந்துகொள்கிறது. மாஃபியாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

நேப்பிள்ஸின் பழைய தெருவில் பார் நிலோ என்ற காப்பிக் கடை இருக்கிறது. அதன் சுவரில் ஒரு சின்ன பீடம், அதில் இந்த ஊர் அணிக்கு ஆடிய கால்பந்து வீரர் மரடோனாவின் தலைமுடி ஒன்றை அருளிக்கமாக வைத்திருக்கிறார்கள். பாதி கிண்டல், பாதி நிஜம். எது எந்தப் பாதி என்று பிரிக்கப் பார்க்காதீர்கள்.

நேரில் பார்க்க விரும்பினால் செப்டம்பர் 19 அன்று விடிந்ததுமே பேராலயத்துக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் வாசலில்தான் நிற்க வேண்டிவரும். கூட்டம் பிடிக்காது என்றால் அதற்கடுத்த எட்டு நாட்களில் ஏதாவது ஒரு நாள் போகலாம். குப்பிகளை மக்கள் பார்வைக்கு வைத்திருப்பார்கள், பக்கத்தில் போய்ப் பார்க்க முடியும். ஆனால் உறவுக்காரிகள் ஏசுவதைக் கேட்க வேண்டுமென்றால் முதல் நாள்தான் போக வேண்டும். அதுவும் ரத்தம் தாமதமாக உருகும் ஆண்டாகப் பார்த்து.